நான் வெட்டிய தாமரை

இப்போது நினைத்தாலும் என் கைமேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த மிஷன் துரைசாணியம்மா சீமைக்குத் திரும்பிப் போன பிறகும், திருவட்டாற்றில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வியாழன்தோறும் சபைக் கோவில் வராந்தாவில் கூடித் தைத்தோம். விற்பதற்கல்ல, ஆசைக்காகத்தான். ஒருத்தி தைத்த பூவை மற்றவர்கள் எடுத்துத் தைக்கலாம். ஆனால் யாருடைய பூவோ, அவர் பெயரின் முதலெழுத்தைத் துணியின் பின்புறம் தைத்துவிட வேண்டும். அதனால் எதைக் கையில் வாங்கினாலும் முதலில் மறித்துப் பின்பக்கத்தைப் பார்ப்போம்.

ஒரு வியாழனன்று, எங்களில் ஒருத்தியான நேசம்மாள் ஓர் ஒட்டுத்துணிப் போர்வையை விரித்தாள். நடுவில், நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய தாமரை. அதுவும் என்னுடையதைவிட அழகாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏட்டி, இது எனக்க பூவுல்லா? ஆருட்ட கேட்டு எடுத்த?”

“அக்கா, ஒருக்க மறிச்சுப் பாருங்க.”

“களவாண்டதுல மறிச்சுப் பாக்க என்னட்டி இருக்கு?”

கத்தரிக்கோலை எடுத்துத் தாமரையைக் குறுக்கே வெட்டினேன். நேசம்மாள் அழவில்லை. போர்வையைப் புரட்டி என் மடியில் வைத்தாள். பின்புறம் சிவப்பு நூலில் என் எழுத்து இருந்தது. அதையும் சேர்த்தே இரண்டாக வெட்டியிருந்தேன்.

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால், நானும் திருப்பி ஏசிவிட்டு மறந்திருப்பேன். அவள் ஏசவில்லை. பிறகு, என் தாமரையை எடுத்துத் தையுங்கள் என்று நானே எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தியும் தொடவில்லை.

அந்தப் பூ இன்றைக்கு எனக்கு மட்டுமே சொந்தம்.