பிரியாணி தேக்சாவில் ஒரு மீன்

பீர்க்கன்கரணையில் எங்களுக்கு அடுத்த போர்ஷனில் ஒரு பாயம்மா குடியிருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். அக்கா அக்கா என்று என் அடுப்படி வரைக்கும் வருவாள். அவள் மகனுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி வேலை கிடைத்ததும் அங்கேயே வீடு பார்த்துவிட்டார்கள். புது வீடு சின்னது, கட்டில் போட்டால் கதவு திறக்காது. அதனால் மீன் தொட்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். தொட்டி மட்டுமா? அதில் என் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் ஆரஞ்சு மீன். அவள் மகள் ஆசையாக வாங்கி வளர்த்தது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு பாயம்மாதான் அதற்குத் தாய்.

எனக்கு ஒரே சிரிப்பு. மீனைப் பார்த்தால் அரிவாள்மணையைத் தேடுகிறவள் நான். வஞ்சிரம் என்றால் ஒரு குழம்பு, நெத்திலி என்றால் ஒரு குழம்பு. நம்மை நம்பி ஒருத்தி உயிர் மீனை ஒப்படைக்கிறாளே என்று பெருமையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற வண்டி வருகிறது. மீன் எங்கள் வீட்டில் நீந்துவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி ஏறுவேன் என்று அவளுக்குப் பிடிவாதம். சனிக்கிழமை காலையிலேயே மீனை ஒரு நீல பக்கெட்டில் விட்டுவிட்டுத் தொட்டியைப் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுவந்தோம்.

அது இருந்த இருப்பைக் கேட்கக்கூடாது. உள்ளே பாசி, வழுக்கல். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சுற்றிலும் வெள்ளையாக உப்பு. எங்கள் தெரு போர் தண்ணீர் அப்படி, அதில் துவரம்பருப்புகூட வேகாது. சோப்பு மட்டும் படக்கூடாது, மீன் செத்துவிடும் என்று பாயம்மா சொல்லியிருந்தாள். எனக்கா, சோப்பு இல்லாவிட்டால் கழுவின மாதிரியே இருக்காது. கல் உப்பைத் துணியில் வைத்துத் தேய்த்தேன், பாசி போனது. வெள்ளை உப்புக் கறைக்குப் புளியைக் கரைத்து ஊறவிட்டேன், குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரிதான். அடியில் கிடந்த கூழாங்கல்லை அரிசி களைவதுபோலக் களைந்துகொண்டே இருந்தேன். பத்துத் தண்ணீர் மாற்றியும் கலங்கல்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் தையல்காரர். தாம்பரம் மார்க்கெட்டில் ரொம்ப வருஷம் மெஷின் போட்டிருந்தார். கண்ணில் புரை விழுந்ததும் கடையை விட்டுவிட்டார். வீட்டில் சும்மா இருக்க அவருக்கு வராது. பழைய துணி கையில் கிடைத்தால் பாதி பிளேடை எடுத்து ஓரத்தைப் பிரித்து, நூல் பிசிறெல்லாம் நறுக்கி, மறுபடி தைத்தால்தான் தூக்கம் வரும். மிச்ச உப்பை நான் சுரண்டுகிறேன் என்று அன்றைக்கும் அந்த பிளேடோடு உட்கார்ந்தார். கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது. நானும் சந்தோஷமாக உள்ளே போய் உலை வைத்தேன்.

மறுநாள் காலையில் தொட்டியைக் கூடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். பாதி நிறைவதற்குள் என் காலடியில் ஈரம். மூலையிலிருந்து தண்ணீர் சரம் சரமாக ஓடுகிறது. குனிந்து பார்த்தால், கண்ணாடியும் கண்ணாடியும் சேருகிற இடத்தில் ரப்பர் மாதிரி ஒரு பசை இருக்குமே, அதை மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் உரித்து வைத்திருக்கிறார்.

சத்தம் கேட்டுப் பாயம்மா ஓடிவந்தாள். அதற்குள் வாசலில் அவள் வண்டி வந்து நிற்கிறது. பக்கெட்டில் மீன் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. அவள் முகம் வாடிப்போனது.

"என்னாண்ணே பண்ணீங்க?"

"பிசிறு மாதிரி நீட்டிக்கினு இருந்துச்சும்மா. பிரிச்சிட்டேன்."

"ஊரு துணியெல்லாம் பிரிச்ச கை, கண்ணாடிய மட்டும் உட்டு வைக்குமா?" என்றேன் நான்.

 அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பசை வாங்கத் தாம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டார். பாயம்மா பக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒட்டுகிற பசை காய நாளாகுமாம், அதுவரைக்கும் இந்தப் பக்கெட்டில் இது தாங்காது என்றாள். மகன் வாசலிலிருந்து கூப்பிடுகிறான், இவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியிருந்த பிரியாணி தேக்சாவை, அண்டா மாதிரி அகலமான பாத்திரம் அது, இறக்கச் சொன்னாள். அவள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது அது. ஒருத்தருக்கும் இரவல் தரமாட்டாள். ஒருமுறை எங்கள் வீட்டுச் சீமந்தத்துக்கு நான் கேட்டே தரவில்லை.

"அதுல மீன உட்டா அப்புறம் சோறு ஆக்குவியாடி?"

"உயிரோட இருக்கறதுதானேக்கா. கழுவிட்டா போச்சு."

பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு குடம் எடுத்து வைத்திருந்தாள். அதையும் போர் தண்ணீரையும் கலந்து ஊற்றினோம். மீன் அகலமாக ஒரு சுற்றுச் சுற்றி அடியில் போய் நின்றது. அவளுக்கு மூச்சு வந்தது. அரை மனசோடு வண்டி ஏறினாள்.

வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். மீன் தொட்டிக்கென்றே இருக்கிற பசையைக் கேட்டு வாங்கியிருந்தார். குளியலறைக்குப் போடுவதில் பூஞ்சைக்கு மருந்து கலந்திருக்குமாம், அது மீனுக்கு ஆகாதாம். இன்னொன்றும் கடைக்காரர் சொன்னாராம், பழைய பசைமேல் புதுசு ஒட்டாது, உள்பக்கம் மிச்சம் இருப்பதையும் எடுத்துவிட வேண்டும் என்று. பிரிக்கச் சொன்னால் இவருக்குக் கேட்கவா வேண்டும்? இந்த முறை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தார். பிறகு புடவைக்கு ஓரம் அடிக்கிற நிதானத்தில் பசையை இழுத்து, விரலால் நீவிவிட்டார். அது காய்கிற வரைக்கும் நாங்கள் தேக்சாவைச் சுற்றித்தான் நடந்தோம். என்னை மீன் குழம்பு வைக்கவே விடவில்லை மனிதர். அது பார்க்குமாம்.

காய்ந்த பிறகு வெறும் தண்ணீரை நிரப்பி, கீழே பழைய பேப்பரை விரித்து, ஒரு பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் நனையவில்லை. மீன் வீடு மாறியது.

அடுத்த வாரம் பாயம்மா ரயிலேறி வந்தாள். தேக்சா எடுக்க வந்ததாகப் பேச்சு. அதன் பக்கம் திரும்பவே இல்லை, நேராகத் தொட்டியிடம் போனாள். மீன் விறுவிறுவென்று அவள் நின்ற மூலைக்கு வந்து கண்ணாடியில் வாயை வைத்தது. அவள் இந்தப் பக்கம் நகர்ந்தால் அதுவும் இந்தப் பக்கம் வருகிறது.

"என்னத் தெரியுதுக்கா இதுக்கு" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து அந்தக் கோடியில் ஒரு சிட்டிகை தீனி போட்டார். மீன் சட்டென்று இவளை விட்டுவிட்டு அவரிடம் ஓடியது. பாயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போவட்டும்ணே. இனிமே உங்ககிட்டதான் சாப்புடணும்."