ஸ்கேன் அறையில் ஒட்டிய பிளாஸ்திரி

ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டரில் பென்டிரைவ் செருகும் துளைகளை, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியால் நான்தான் மூடினேன். மேலே ‘தொடக் கூடாது’ என்று எழுதியும் வைத்தேன். அம்பாசமுத்திரத்துச் சிறிய மருத்துவமனை அது. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான் பொறுப்பு. ஸ்கேன் இயந்திரத்தின் மென்பொருள் ஒரு பழைய விண்டோஸில்தான் ஓடும். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. புது இயந்திரம் வாங்க நிர்வாகத்துக்கு வசதியில்லை. எனவே வைரஸ் புகாமலிருக்க இணையத்தைத் துண்டித்து, டாக்டர் அறைக்குப் படம் போகும் ஒரே ஒரு கேபிளை மட்டும் விட்டிருந்தேன்.

ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தவரை நாங்கள் அக்கா என்போம். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். நோயாளிகளுக்குப் படங்களை சி.டி. தட்டில் எழுதித்தான் கொடுத்தோம்; அதற்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று மூன்று முறை கேட்டிருந்தார். “சி.டி. டிரைவ் எப்பம் நிக்கும்னு தெரியல தம்பி. அன்னைக்கு நான் என்ன செய்ய?” பார்க்கலாம் அக்கா என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன்.

ஒரு மதியம், நான் திருநெல்வேலியில் இருந்தபோது போன் வந்தது. “தம்பி, ஸ்கேன் கம்ப்யூட்டர்ல பென்டிரைவ் சொருவிட்டேன். நான்தான் செஞ்சேன். பாபநாசத்துல பாறையில விழுந்த ஆளு, தலையில ரத்தக்கசிவு. நெல்லைக்கு அனுப்பணும், சி.டி. எழுதல. கூட வந்தவர் பென்டிரைவ் தந்தாரு. இப்பம் திரையில என்னமோ ஓடுது. கேபிளை உருவிப் போட்டுட்டேன். அங்க உள்ள ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டேன், அந்தப் பென்டிரைவைத் தனி மெஷின்ல தொறக்கச் சொல்லி. இனி என்ன செய்யட்டும்?”

எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியது கூடத் தெரியவில்லை. ஸ்கேன் கம்ப்யூட்டரின் வன்தட்டுக்கு நகல் ஒன்றை முன்பே எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். அது வேலை செய்யுமா என்று ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தால், பென்டிரைவில் வந்த வைரஸால் படக் கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. டாக்டர் அறைக் கம்ப்யூட்டர் தப்பியிருந்தது, அக்கா கேபிளை உருவியதால். நகலை ஏற்றி இயந்திரத்தை எழுப்ப மறுநாள் மதியமாகிவிட்டது. அதற்குள் மூன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பினோம். வாய் ஒருபக்கம் கோணியிருந்த ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியபோது, நான் சன்னலருகே நின்று பார்த்தேன். அவர் எப்படி ஆனார் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

விசாரணையில் மேலாளர், பிளாஸ்திரியைப் பிரித்தது யார் என்று கேட்டார். “நான்தான் சார்” என்றார் அக்கா. மூன்று முறை கேட்டதைச் சொல்வார் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவரை, நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார்.

பிறகுதான், அவர் மூன்று முறை கேட்டும் நான் செய்யவில்லை, தவறு என்னுடையது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். முடிந்துபோன விஷயம் என்றார்கள். அக்காவுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன்.

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா தம்பி” என்றார், கோபமில்லாமல். “எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.”

இப்போது அங்கே படம் கொடுக்கத் தனிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மாதாமாதம் நகலை ஏற்றிச் சோதிக்கிறேன். பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறது. ஸ்கேன் அறையிலிருந்து அழைப்பு வந்தால் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கிறேன். யார் செய்தது என்று நான் கேட்பதில்லை.