வள்ளியூர்த் தண்ணீரில் பிழைத்த புல்

என் காரின் பின்னிருக்கையில் இருபது லிட்டர் நீலக் கேன் ஒன்று சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூடி தொலையாதிருக்க அதை நைலான் நரம்புக் கயிற்றால் கேனின் கழுத்தோடு கட்டிவைத்தவர் என் தங்கையின் கணவர். அந்த முடிச்சை இதுவரை யாரும் அவிழ்த்ததில்லை.

மாப்பிள்ளை ஆற்றங்கரை ஊரான முக்கூடல்காரர். ஆயுளில் பாதியை வள்ளியூரில் கழித்தும் அந்த ஊர்க் கிணற்றை மன்னிக்காதவர். இதய அறுவைச் சிகிச்சை முடிந்ததும், பாரம் தூக்காமல் அமைதியாக ஏதாவது செய்யச் சொன்னார் டாக்டர். மாப்பிள்ளை மீன்தொட்டி வாங்கினார். அதில் அவர் ஆசையாக நட்ட சிவப்பு இலைச் செடிகள் கிணற்று நீரில் அழுகின. ஆற்று நீர்தான் மருந்து என்று முடிவுகட்டி, வாரந்தோறும் பஸ் மாறி முக்கூடலுக்குப் போய்க் கேனைச் சுமந்து வரலானார். “அண்ணாச்சி, தண்ணிக்கும் டிக்கெட் எடுக்கணும்” என்ற நடத்துநரிடம், “ஆத்துக்கே டிக்கெட் கிழிப்பியாலே?” என்று கேட்டாராம்.

தங்கை என்னை அழைத்தாள். “செடி செத்தா செடியோட போவும்ணே. இவுக கேனத் தூக்கிட்டு எங்கயாவது விழுந்துட்டா? தண்ணியச் சோதிச்சே ரிட்டயர் ஆனவன்லா நீ, ஒரு வழி சொல்லு.”

முறைப்படியே செய்தேன். பாட்டிலைக் கிணற்று நீராலேயே மும்முறை அலசி, மாதிரி எடுத்து, கடினத்தன்மை பார்த்தேன். சுண்ணாம்பு மிகுந்த நீர். அமிலம் ஊற்றித் திருத்துவது இரண்டு நாள் நாடகம்; பிறகு நீர் பழையபடியே ஆகிவிடும். நீரை மாற்றுவதைவிடச் செடியை மாற்றுவது எளிது. வேலம்பாசி தாங்கும், ஜாவா ஃபெர்ன் தாங்கும். நாடாபோல் நீண்டு வளரும் வாலிஸ்னேரியாப் புல்லோ, கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையே உணவாக்கிக்கொள்ளும். மற்றச் செடிகள் பட்டினி கிடக்கும் இடத்தில் அதற்கு விருந்து. பாளையங்கோட்டைக் கடையில் அதையே வாங்கிப் போனேன்.

“சர்க்கார் முத்திரை குத்திட்டா உப்புத்தண்ணி ஆத்துத்தண்ணி ஆயிருமா அத்தான்?” என்றார் மாப்பிள்ளை. கடின நீர் வேறு, உப்பு நீர் வேறு என்று விளக்கத் தொடங்கினேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

தங்கை விளக்கத்தில் நேரத்தை வீணாக்கவில்லை. மணல் நிரப்பிய சட்டியில் புல்லை நட்டு, மாப்பிள்ளை தினமும் பல் துலக்கும் கொல்லைக் கிணற்றுத் தொட்டிக்குள் இறக்கிவிட்டாள். அது கொடி ஓட்டிக் குட்டி போட்டது. ஒரு வாரம் அவர் முக்கூடலுக்குப் போகவில்லை. பஸ்ஸில் கூட்டம் என்றார். அடுத்தமுறை நான் போனபோது, சிவப்புச் செடிகள் இருந்த இடத்தில் நாடாப் புல் நின்றது.

“எங்க ஆத்துல கெடக்க புல்லுலா இது! எங்கன போட்டாலும் பொழைச்சுக்கிடும்” என்றார்.

தவறான அறிக்கை எதிலும் பணிக்காலம் முழுவதும் கையெழுத்திடாத நான், “ஆமா மாப்ளே” என்றேன்.

கேன் மூலைக்குப் போனது. மாப்பிள்ளை பாரம் தூக்காமல் பல ஆண்டுகள் இருந்து, சென்ற ஆண்டு தூக்கத்திலேயே போய்விட்டார். புல் இன்று கண்ணாடியையே மறைத்து நிற்கிறது.

போன வாரம் தங்கை அந்தக் கேனை என்னிடம் கொடுத்தாள். “முக்கூடல்ல ரொப்பிட்டு வாண்ணே.”

“அந்தப் புல்லுக்கு ஆத்துத் தண்ணி வேண்டாமே.”

“புல்லுக்கு யாரு கேட்டா? அவுக போன நாளு வருதுல்லா.”

இன்று காலை ஆற்றில் இறங்கி, வழக்கம்போல் மும்முறை அலசி, கேனைக் கழுத்துவரை நிரப்பினேன். தூக்கிக்கொண்டு படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தைத்த நெஞ்சோடு இதைத்தான் அவர் வாரந்தோறும் கொண்டுபோயிருக்கிறார்.