கோணல் பெல்ட் சிப்பாய்

விரல் உயரச் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுவது என்பது, நாள் முழுக்கக் குனிந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்ற கேள்விக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லும் தொழில். நீங்களும் ஏதாவது நுணுக்க வேலை செய்து பிழைப்பவரென்றால் இந்தச் சிரிப்பு உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், மராத்தி பேசும் ஔந்த்தில் எங்கள் பிளாட்டின் பால்கனிதான் என் பட்டறை.

டிகாஷன்

சட்டைக்குச் சிவப்பு, பெல்ட்டுக்கு வெள்ளை என்று பூசிவிட்டால் மட்டும் சிப்பாய்க்கு உயிர் வந்துவிடாது. பழுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓடவிட வேண்டும். அது மடிப்புகளிலும் கண்குழியிலும் போய்த் தங்கி நிழலாகிவிடும். இதற்கு 'வாஷ்' என்று பெயர் வைத்தவர் யாரோ, துணி துவைத்தவராக இருக்க முடியாது. நான் மெல்லிசாக ஒரு கை, காய்ந்தபின் இன்னொரு கை என்று கொடுப்பேன். அந்த மென்மையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பேங்கிலிருந்து வந்த என் கணவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "எனக்குக் கொடுக்கற டிகாஷனைவிட இது திக்கா இருக்கே."

ஓரக்கண் பார்வை

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மேஜர் இருந்தார். வேலூர்க்காரர், ரிடையரானவர். அந்தக் கால மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களை, லண்டனிலிருந்த மகன் மூலம் ஈயத்தில் வரவழைத்து, பெட்டியோடு என்னிடம் ஒப்படைத்தார். ஒருவனை மட்டும் முடித்து மாதிரிக்குக் கொண்டுபோனேன். ஜன்னலோரம் எடுத்துப்போய், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். கத்தரிக்காயில் சொத்தை தேடுகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு கை வாஷ் கொடுத்து மறுபடி போனேன். மறுபடியும் அதே பார்வை.

"எல்லாம் மொழுக்குனு இருக்குதும்மா. மூஞ்சி எங்க இருக்குது?"

லிஃப்ட் வாசல்

பெட்டியை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தேன். மேஜரின் மனைவி சரோஜாம்மா பின்னாலேயே வந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. அவருக்குக் கண்ணு நடுவுல மறைக்குது. ஓரத்துலதான் தெரியுது. மறைப்பு வரவரப் பெருசாவுது, டாக்டர் ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. தெரியறப்பவே இந்தப் பட்டாளத்தைப் பார்த்துடணும்னு இருக்காரு. யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு."

லிஃப்ட் வந்தது, போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பெருமைப்பட்ட மென்மை முழுவதும் அவர் கண்ணுக்கு எட்டாமலே போயிருந்தது.

சரோஜாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு உன் வேலையக் குறை சொல்லலம்மா. மூஞ்சியத் தேடறாரு."

முக்கி எடு

எங்கள் தொழிலில் ஒரு முரட்டு வழி உண்டு. மரத்துக்கு அடிக்கும் பழுப்பு வார்னிஷில் சிப்பாயைத் தலையோடு முக்கி எடுத்து, ஓங்கி உதற வேண்டும். மடிப்பெல்லாம் கறுப்புக் கோடு விழுந்து, பட்டன்கூடத் தனியாகத் தெரியும். சோம்பேறிகளின் வழி என்று நான் ஏளனம் செய்துகொண்டிருந்தது. அன்று நேரே ஹார்ட்வேர் கடைக்குப் போய் அதே வார்னிஷை வாங்கினேன். எந்த அலமாரிக்கு என்று கடைக்காரர் கேட்டார். கைப்பையிலிருந்து சிப்பாயை எடுத்துக் காட்டியதும், டப்பாவைக் கொடுக்கவே யோசித்தார்.

மற்றவர்களுக்கும் வண்ணம் பூசி முடித்ததும், பால்கனியில் நின்று ஒவ்வொருவனாக முக்கி, உதறினேன். கீழ் வீட்டு மராத்தி மாமி, நாங்கள் காக்கூ என்று கூப்பிடுபவர், காயப்போட்டிருந்த வெள்ளை பெட்ஷீட்டை நான் பார்க்கவில்லை. பழுப்புப் புள்ளிகளோடு அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தவர், பால்கனியில் வரிசையாக நின்றவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இந்தியில் சொன்னார்: "அடுத்த தடவை லடாயி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடு, துணியை எடுத்துக்கறேன்."

பரேடு

வார்னிஷின் பளபளப்பை மட்டும் மேலே ஒரு பூச்சு கொடுத்து அடக்கினேன். கறுத்த கண்குழிகள், பெல்ட்டைச் சுற்றித் தடித்த கோடுகள். போட்டிக்கு வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேஜர் வீட்டு ஜன்னல் கட்டையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தேன்.

அவர் தலையைச் சாய்த்து ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். சரோஜாம்மா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டார். பாதி வரிசை தாண்டியதும் மேஜர் நின்றார், ஒருவனை எடுத்தார், கண் பக்கத்தில் வைத்துத் திருப்பினார்.

"இவன் பெல்ட்டு கோணலா இருக்குதேம்மா. யாரு இவனை இப்படிப் பரேடுக்கு வுட்டது?"

கோணல்தான், நான் பூசியதுதான். என் வேலையில் ஒரு குறையாவது அவர் கண்ணில் பட்டுவிட வேண்டுமே என்று நான் சாமியை வேண்டிக்கொண்டு நின்றது இத்தனை வருஷத் தொழிலில் அந்த ஒரு நாள்தான்.