பூட்டக்கா உள்ளே போன நாள்

பிரசவ வார்டின் வாசலில் நின்ற காவல்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து போனவர்கள் வைத்த பெயர் பூட்டக்கா. இரண்டாவதுதான் நிலைத்தது. சம்பளம் போடும் கிளார்க்கே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பூட்டு என்ன கெட்ட வார்த்தையா, அவனவன் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிற சாமான்தானே என்றாள்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பாள். குரல் அவளைவிட உயரம். வாசலில் நின்று அவள் “யாரது” என்று அதட்டினால் மேல்மாடியில் கால் முறிந்து கிடப்பவர் “நான்தாங்க” என்று பதில் சொல்வார் என ஊழியர்கள் கேலி பேசுவார்கள். பார்வை நேரம் தவிர ஈ காக்கா உள்ளே நுழைய முடியாது. அழுது பார்ப்பார்கள், கெஞ்சிப் பார்ப்பார்கள், பெரிய இடத்துப் பெயரைச் சொல்லி மிரட்டிப் பார்ப்பார்கள். அவள் நகர மாட்டாள். உள்ளே கிடப்பதெல்லாம் பச்சை உடம்பு. ஆளாளுக்குத் தெரு அழுக்கைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்தால் யார் பதில் சொல்வது என்பது அவள் கட்சி. அதில் நியாயமும் இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது அவளுக்குக் காதால்தான் பழக்கம். ஒரு பெண்ணின் கத்தல், பிறகு ஒரு சிறு அழுகை, பிறகு தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம். பிறந்த குழந்தையைத் துடைத்துச் சுற்றி, கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். தாய் வார்டில் ஒரு கட்டிலில் கிடப்பாள். பால் கொடுக்கும் நேரம் வந்தால் குழந்தையும் வரும், முடிந்தால் போய்விடும். பூட்டக்கா தன் ஒரே மகளைப் பெற்றதும் அப்படித்தான். மகள் முதன்முதலில் அவள் கைக்கு வந்தது ஒரு துணிப் பொட்டலமாக. வெளியே தெரிந்தது முகம் மட்டும். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததே இல்லை. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தானே.

பிறகு பெரிய சிஸ்டர் மாற்றலாகி வந்தார். குள்ளமான உருவம், மெல்லிய குரல், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசுகிற ஆள். இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பூட்டக்கா கணவனிடம் சொன்னாள். கணவன் தையல்காரர். வாயில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும் என்பதால் அதிகம் பேசுவதில்லை.

அவள் சொன்னது சரியாகிப் போயிற்று. வந்த சில வாரங்களில் சிஸ்டர் கண்ணாடி அறையை நோயுள்ள குழந்தைகளுக்கு மட்டும் என்று ஆக்கினார். நல்லபடியாகப் பிறந்த குழந்தை தாயோடுதான் இருக்க வேண்டும். அதோடு விட்டாரா? ஒவ்வொரு தாய்க்கும் பகல் ராத்திரி என்றில்லாமல் ஒரு துணை கூடவே இருக்கலாம் என்றார். வயிற்றில் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு ரத்தம் போனால் நர்ஸைக் கூப்பிட வேண்டும், குழந்தையின் பாதம் ஜில்லென்று ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று துணைக்கு வருபவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். பெரிய டாக்டரும் சம்மதித்துவிட்டார்.

பூட்டக்கா நேராகச் சிஸ்டர் மேசைக்கே போய்விட்டாள்.

“வார்டு பஸ் ஸ்டாண்டு ஆயிடும் சிஸ்டர்.”

சிஸ்டர் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். “ஆகட்டுங்க்கா. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் மயங்கி விழுந்தா பக்கத்துல இருக்கறவங்க பாத்துடுவாங்க. இங்க ஒருத்தி படுத்த படுக்கையிலயே மயங்கினா யாரு பாக்கறது? நாங்க எத்தனை பேர், கட்டில் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்.”

பூட்டக்கா கூடுதல் கோபத்தோடு வாசலுக்குத் திரும்பினாள்.

முதல் வாரம் அவள் பயந்தபடியே இருந்தது. ஒரு கட்டிலுக்கு இரண்டு சம்பந்திகள் போட்டி போட்டார்கள். பெற்றவள் நான் என்று ஒருத்தி, பேரப்பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை என்று இன்னொருத்தி. வாசலில் இருவரும் கையோங்கும் அளவுக்குப் போனதும் பூட்டக்கா இரண்டு கைகளையும் விரித்து நடுவில் நின்றுகொண்டு சிஸ்டரைக் கூப்பிட்டாள். யார் வலியில் கிடந்தாளோ அவளையே கேளுங்கள் என்றார் சிஸ்டர். கேட்டார்கள். அந்தப் பெண் தன் புருஷன்தான் வேண்டும் என்றாள். சம்பந்திகள் அந்த நிமிஷமே ஒற்றுமையாகி அவனைத் திட்டத் தொடங்கினார்கள்.

ஆண்பிள்ளை உள்ளே வந்தால் மற்ற பெண்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று பேச்சு எழுந்தது. கட்டிலுக்குக் கட்டில் திரை போட முடிவானது. அந்தத் திரைகளைத் தைத்துக் கொடுத்தது பூட்டக்காவின் கணவர்தான். எதிரி வேலைக்கு என் வீட்டு மிஷினா என்று அவள் முணுமுணுத்தாள். அவர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மறைப்பு இல்லாமல் நீ படுத்திருப்பியா என்று கேட்டார். பிறகு குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் லாரிக்காரர் மனைவி வந்து சேர்ந்தாள். சின்னப் பெண், முதல் பிரசவம். வலி கண்டதும் பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோவில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துவிடும் என்று ஓடிவிட்டாள். கூட யார் என்று பூட்டக்கா வழக்கம்போலக் கேட்டாள். யாரும் இல்லை என்றாள் அந்தப் பெண். தாய் தகப்பன் இல்லை, கணவன் சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறான், போன் போகவில்லை. சொல்லும்போதே வலி வந்து, பூட்டக்காவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவளைப் பிரசவ அறைக் கதவுவரை நடத்திக் கூட்டிப் போய் விட்டுவிட்டு பூட்டக்கா வாசலுக்குத் திரும்பினாள். பெல்ட்டில் பிடித்த பிடி மட்டும் இடுப்பிலேயே நின்றது.

மாலை ஆகும் முன்னே சிஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“அக்கா, கையக் கழுவிட்டு உள்ள வாங்க. அந்தப் பொண்ணு துணை கேக்குது.”

“வாசல யாரு பாத்துக்குவா?”

“வாசல் எங்கயும் ஓடிப் போகாது. நீங்க வாங்க.”

தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இத்தனை வருஷம் முதுகு காட்டி நின்ற அறைக்குள் முகம் காட்டிப் போனாள்.

குழந்தை அப்போதுதான் பிறந்திருந்தது. பெண் குழந்தை. அழுது முடித்திருந்தது. அதைத் துடைத்து, சுற்றாமல், தாயின் வெறும் வயிற்றின் மேல் குப்புற வைத்து மேலே ஒரு காய்ந்த துணியைப் போர்த்தியிருந்தார்கள். தொப்புள்கொடிகூட இன்னும் வெட்டவில்லை. துடிப்பு நிற்கட்டும் என்று ஒரு நர்ஸ் விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். பூட்டக்காவைப் பார்த்ததும் லாரிக்காரர் மனைவி கையை நீட்டினாள். பூட்டக்கா பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழந்தை கண்ணைத் திறந்தது. தூங்கி எழுந்தவர்கள் திறப்பதுபோல இல்லை. யாரோ கூப்பிட்டதுபோலத் திறந்தது. தன் கையை வாய்க்குக் கொண்டுபோய் நக்கியது. தலையைக் கொஞ்சம் தூக்கி, தாங்காமல் பொத்தென்று வைத்தது. பிறகு ஒரு காலை மடக்கி, தாயின் வயிற்றில் ஊன்றி, உந்தியது. ஒரு விரல்கடை மேலே நகர்ந்தது.

“சிஸ்டர், நகருது,” என்றாள் பூட்டக்கா. அவளுக்கே கேட்காத குரல்.

“ஆமா. பால் தேடிப் போகுது.”

“யாரு சொல்லிக் கொடுத்தா?”

சிஸ்டர் சிரித்தார்.

குழந்தை இளைப்பாறியது. திரும்பவும் காலை ஊன்றியது. கொடியை வெட்டி முடித்தார்கள். அது தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தொப்புள் தாண்டி நெஞ்சுக்கூடு வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போய், ஏதோ தப்பு என்று தெரிந்ததுபோல நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பாதையைத் திருத்திக்கொண்டது. பூட்டக்காவுக்குக் கை பரபரத்தது. தூக்கி மார்பில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நீட்டிய கையைச் சிஸ்டர் மெதுவாகப் பிடித்து நிறுத்தினார். அதுவே போகட்டும் என்றார்.

பிரசவ அறையில் அப்படி ஒரு அமைதி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. துவைக்க வேண்டிய துணியைப் பொறுக்க வந்த ஆயாகூட வாளியை வைத்துவிட்டு நின்றாள். சிஸ்டர் வந்ததிலிருந்து இந்த ஆயா இதைப் பல தடவை பார்த்திருப்பாள், ஆனாலும் நின்றாள். கடைசியில் அந்தச் சின்ன வாய் அகலமாகத் திறந்தது, தவறியது, மறுபடி திறந்தது, கவ்வியது. தாய் “அம்மா” என்றாள். யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. பூட்டக்கா தன் சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டாள். தன் முகமும் நனைந்திருந்தது அதன் பிறகுதான் தெரிந்தது.

இத்தனை காலமும் இது இந்தக் கதவுக்குப் பின்னால் நடந்திருக்க வேண்டியது என்று அவளுக்குத் தோன்றியது. தன் மகளுக்கும் இப்படி ஊன்றத் தெரிந்திருக்கும். கேட்பார் இல்லாமல் பொட்டலமாகக் கட்டியிருப்பார்கள்.

தாயையும் பிள்ளையையும் வார்டுக்கு மாற்றியதும் சிஸ்டர் மற்றத் துணைகளுக்குச் சொல்வதை அவளுக்கும் சொன்னார். அவள் கையை எடுத்துத் தாயின் தொப்புளுக்குக் கீழே வைத்து அழுத்தினார். பந்துபோலக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அதுதான் கருப்பை, கெட்டியாக இருந்தால் நல்லது, இளகினால் தேய்த்துக்கொண்டே என்னைக் கூப்பிடுங்கள் என்றார். ரத்தம் போவது சத்தம் கேட்காது, வலிக்காது, ஆளுக்குத் தூக்கம் வருவதுபோல இருக்கும், அதனால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள் என்றார்.

பூட்டக்கா தொட்டுப் பார்த்தாள். பேசிக்கொண்டே தொட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் கணவனைப் பற்றிச் சொன்னாள்: எந்த ஊர் போனாலும் ஒரு சீப்பு வாங்கி வருவானாம், வீட்டில் தலையைவிடச் சீப்பு அதிகமாம். சிரித்தாள். கொஞ்ச நேரத்தில், “அக்கா, தூக்கமா வருது,” என்றாள்.

பெற்ற உடம்பு, தூங்கத்தானே செய்யும் என்று போர்வையை இழுத்துவிடப் போன பூட்டக்கா, கையை ஒருமுறை வயிற்றில் வைத்தாள். பந்தைக் காணோம். பிசைந்த மாவுபோலக் கை அமிழ்ந்தது. துணியை விலக்கினாள். விரிப்பெல்லாம் ரத்தம்.

ஒரு கையால் தேய்த்துக்கொண்டே “சிஸ்டர்” என்று கூப்பிட்டாள். ஊரே வெறுத்த அந்தக் குரல் அன்று கட்டடம் முழுக்கப் போனது. சிஸ்டர் ஓடி வந்தார், பின்னால் நர்ஸ், அவளுக்குப் பின்னால் சாப்பிட்ட கையோடு டாக்டர். ஒருவர் ஊசி போட்டார், ஒருவர் குளுக்கோஸ் ஏற்றினார், சிஸ்டர் வயிற்றை அழுத்தித் தேய்த்தபடியே ரத்தம் கொண்டுவரச் சொன்னார். குழந்தையைப் பூட்டக்காவிடம் கொடுத்து, சட்டைக்குள் வையுங்கள், சூடு போகக் கூடாது என்றார்.

அவள் பட்டன்களைக் கழற்றி அதை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டாள். சுவரோரம் நின்றாள். லாரிக்காரர் மனைவியின் உதடு வெளுத்துக் காகிதமாகியிருந்தது. சட்டைக்குள் இருந்த குழந்தை அமைதியாகக் காலை ஊன்றியது. இங்கே ஒன்றும் கிடைக்காதடி என்று பூட்டக்கா மனசுக்குள் சொன்னாள். அது கேட்கவில்லை. வற்றிப்போன அந்த மார்பிலும் வழி தேடியது.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் டாக்டர் நிமிர்ந்தார். சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு மறுபடியும் வயிற்றில் கை வைக்கச் சொன்னார். கெட்டியாக இருந்தது.

“கொஞ்சம் விட்டிருந்தா தூங்கியே போயிருப்பா,” என்றார் சிஸ்டர்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள் சாப்பிடவில்லை. கணவர் மிஷினில் ஒரு துணியை விரித்து வைத்திருந்தார். அவள் கையை மூடி அதன் மேல் குப்புற வைத்தாள். இப்படித்தான் கிடந்தது என்றாள். கட்டைவிரலை ஊன்றிக் கையைக் கொஞ்சம் நகர்த்தினாள். நிறுத்தினாள். மறுபடி நகர்த்தினாள். அவர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்து வைத்தார். மிஷினை நிறுத்திவிட்டு, துணியின் மடிப்பை அவள் கைக்கு வழிவிட்டு நீவிக்கொடுத்தார். பிறகு அவள் மகளுக்குப் போன் போட்டாள். என்னம்மா இந்நேரத்தில் என்று மகள் கேட்டாள். சும்மாதான், நீ சாப்பிட்டியா என்றாள்.

மறுநாள் லாரிக்காரர் வந்தார். நான்கு நாள் தாடி, உடம்பெல்லாம் டீசல் வாடை. உள்ளே விடுவார்களா என்று கேட்கவும் பயந்து வாசலில் தயங்கினார். பூட்டக்கா அவரைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் குளிக்கவே வைத்துவிட்டாள். பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை நெஞ்சில் வைத்துப் போர்த்தினாள். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற ஆள் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். மனைவி வெளுத்த முகத்தோடு பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகு துணை இல்லாமல் வருகிற பெண்களுக்கெல்லாம் பூட்டக்காதான் துணை என்று ஆனது. வாசலில் ஆள் இல்லை என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தபோது பெரிய டாக்டரே போய்ப் பேசி, வாசலுக்கு இன்னொரு காவலாளியை வாங்கி வந்தார். பிறந்த குழந்தை வாசனையை வைத்துப் பால் தேடுகிறது என்று டாக்டர் ஒருநாள் அவளுக்கு விளக்கினார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். மூக்குக்குச் சரிங்க டாக்டர், காலுக்கு யார் சொன்னது என்றாள். அவர் யோசித்துவிட்டு, தெரியலைக்கா என்றார்.

பூட்டக்கா இப்படி எத்தனையோ பிரசவம் பார்த்த பிறகு, ஒருநாள் ஒரு குழந்தை நகரவே இல்லை. பிறந்து, அழுது, தாயின் வயிற்றில் அசையாமல் கிடந்தது. நிறமும் மூச்சும் நன்றாக இருக்கிறது, அதற்கு அசதி, விடுங்கள் என்றார் சிஸ்டர். தாய் கவலையோடு பூட்டக்காவைப் பார்த்தாள். பொறும்மா, வரும் என்றாள் அவள். ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்கித் தரைக்குப் போனது. நின்று நின்று அவளுக்குக் கால் மரத்துப்போனது. உட்காரத் தோன்றவில்லை. மூச்சை அடக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். போர்வைக்கு அடியில், தாயின் இடுப்போரம், ஒரு சின்னக் குதிகால் மெல்ல மடங்கியது.