நில்லண்ணை!

எழுபதுகளில லிட்கம் எண்ட வெள்ளைக்கார ஊரின்ட பேஸ்பால் டீமில நாங்கள் ரெண்டே ரெண்டு தமிழர். அஞ்சு கிளப் மாறி வந்த சிவா அண்ணையை, "பெட்டி கட்டியாச்சோ?" எண்டு நான் ஒவ்வொரு நாளும் பகிடி பண்ணுவன்.

கடைசி மேட்ச். அவர் அடிச்சு நான் ஓடி வந்தா வெற்றி. தோத்தா அவரை டீமால தூக்கிடுவினம். நான் கடைசி பேஸில ஓடத் தயாரா நிண்டன். அடிச்சார், அருமையான அடி! பேஸ்பாலில அடிச்சா ஓடத்தான் வேணும். நானோ பழைய கிரிக்கெட் பழக்கத்தில கையைக் காட்டி, "நில்லண்ணை!" எண்டு கத்திப்போட்டன். அவர் பாதியில நிண்டார். அவுட். மேட்ச் போச்சு.

"ஏன் நிண்டனீ?" கப்டன் குதிச்சான்.

அண்ணை என்னைப் பார்த்தார். "கால் பிடிச்சிட்டுது."

நான் தமிழில கத்தினது அவருக்கு மட்டும்தான் விளங்கினது. அவர் உண்மையாவே பெட்டி கட்டினார். ஊரையே நக்கலடிக்கிற என்ட வாய், "பிழை என்ட" எண்டு சொல்ல மட்டும் திறக்கேல்லை.