அத்தையின் கையில் சாமி

எங்கள் அத்தை கையில் சாமி இறங்கியிருக்கிறது என்று கவுஞ்சியில் எல்லாரும் சொன்னார்கள். அப்பாவின் தங்கை அவள். கொதிக்கிற பானையைத் துணி பிடிக்காமல் இறக்குவாள். வெளியே விழுந்த நெருப்புக் கங்கை விரலாலேயே எடுத்து அடுப்பில் போடுவாள். முகம் சுளிக்க மாட்டாள். அந்த வீட்டுப் பிள்ளை என்று என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

அதற்கு முந்தின மழைக்காலம் முழுக்க அவள் கையில் எறும்பு ஊர்ந்தது. பூண்டு உரித்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று கையை உதறுவாள். "இங்க வா புள்ள, எறும்பு ஊருது, பாரு" என்பாள். விரல் விரலாகப் பார்ப்பேன். ஒன்றும் இராது. பிறகு அது நின்றுபோயிற்று. எறும்பு போன இடத்தில்தான் சாமி வந்தது என்று வைத்துக்கொண்டேன்.

மாரியம்மன் திருவிழா வந்தது. தீச்சட்டி எடுக்கிறவர்கள் உள்ளங்கையில் வேப்பிலையைக் கனமாகப் பரப்பி, அதன்மேல்தான் சட்டியை வாங்குவார்கள். அத்தையும் இலைக்குக் கை நீட்டினாள்.

"சாமி கைக்கு வேப்பிலை எதுக்கு? ஊரு பாக்கட்டும்" என்றார் அப்பா.

"எதுக்கும் இருக்கட்டும்ணே."

அப்பா விடவில்லை. வெறுங்கையில் வாங்கினாள். குலவை போட்ட பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். சாம்பிராணி மணத்துக்குள் இறைச்சி வாட்டுகிற வாடை வந்தது. அத்தை தன் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தாள். சட்டியை இறக்கியதும் பெரிய மனுசர்களெல்லாம் அவள் காலில் விழுந்தார்கள்.

பல மாசம் கழித்து, பஸ் வராத எங்கள் மலையூரிலிருந்து அவளை நடத்தியே கூட்டிப்போய் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் காட்டியபோதுதான், அது குஷ்டம் என்கிற பெருநோய், நரம்பு மரத்துப்போய்விட்டது, மாத்திரை உண்டு என்றார்கள். நோய் நின்றது. போன விரல்கள் திரும்பவில்லை.

எனக்குள் தங்கிப்போனது திருவிழாவன்று நாங்கள் வீடு திரும்பினதுதான். பட்டப்பகலிலேயே காட்டுப் படிகளில் மஞ்சு வெள்ளைப் புகையாக இறங்கி மூடிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அத்தை என் கையை எலும்பு நோகப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக வழுக்கியது. மஞ்சு ஈரம் என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

"புள்ள, நான் உன் கையப் பிடிச்சிருக்கேனா?"

"பிடிச்சிருக்கீங்க அத்தை."

இன்னும் கொஞ்சம் போய் மறுபடியும் அதையே கேட்டாள். அத்தை விளையாடுகிறாள் என்று எனக்குச் சந்தோசம்.

"இல்லையே" என்றேன்.

அத்தை அப்படியே குனிந்து, என் கையை விடாமலே, "எங்க இருக்க, எங்க இருக்க" என்று மஞ்சுக்குள் என்னைத் தேட ஆரம்பித்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தம் காட்டாமல் நின்றேன்.